மாசின் அறிகுறியும் நிறுத்தும் அதிகாரமும்: நுண்ணுயிரற்ற மருந்தாக்க வரலாற்றில் மூன்று நிகழ்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஊசி வழியாக உடலினுள் செலுத்தப்படும் மருந்துகள் நுண்ணுயிரற்றவையாக இருத்தல் வேண்டும். அத்தகைய மருந்துகளை ஆக்கும் இடங்களில் மாசு நேர்ந்தபோது நிறுவனங்கள் எவ்வாறு எதிர்வினையாற்றின என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவாலிலும், 1972-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டிலும், 2012-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமை மையமாகக் கொண்டும் நிகழ்ந்த மூன்று பேரிடர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மூன்றிலும் மாசின் அறிகுறி, நோயாளிகள் பாதிக்கப்படுவதற்கு முன்னரே பணியிடத்தில் வெளிப்பட்டிருந்தது. அறிகுறியைக் கண்டவர், அதற்குப் பொருள் கூறவல்லவர், பணியை நிறுத்தும் அதிகாரம் உடையவர் ஆகிய மூவருக்கும் இடையிலான தொடர்பு அற்றுப்போனதே பேரிடருக்கு வழிவகுத்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். தூய்மை விதிகளின் வரலாறு கருவிகளின் முன்னேற்றத்தை மட்டும் காட்டுவதன்று; பணியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்குப் படிப்படியாகக் கிடைத்த விடைகளையும் அது காட்டுகிறது என இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுண்ணுயிர் நீக்கம், மருந்துக் கலவையாக்கம், தூய அறை, நடவடிக்கை வரம்பு, முல்கோவால், டெவன்போர்ட், ஃபிரேமிங்ஹாம்.

முன்னுரை

மருத்துவர் எழுதித் தரும் குறிப்பின்படி மருந்துகளை அளந்து கலந்து கொடுப்பவரைத் தமிழ்நாட்டு மக்கள் நெடுங்காலமாகக் 'கம்பவுண்டர்' என்று அழைத்துவந்துள்ளனர். ஆலைகளில் ஆக்கப்பட்ட மாத்திரைகளும் ஊசி மருந்துகளும் பெருகிய பின்னர் அச்சொல் வழக்குக் குன்றியது. ஆயினும் அச்சொல் குறித்த தொழில் மறைந்துவிடவில்லை. குழந்தையின் எடைக்கேற்ற நரம்புவழி ஊட்டக் கரைசல், புற்றுநோயாளிக்கான மருந்துக் கலவை, சந்தையில் கிடைக்காத அளவிலான ஊசி மருந்து ஆகியவை இன்றும் மருத்துவமனை மருந்தகங்களில் கையால் கலக்கப்படுகின்றன. இப்பணி 'நுண்ணுயிரற்ற மருந்துக் கலவையாக்கம்' எனப்படும்.

வாய்வழி உட்கொள்ளும் மருந்தில் சில நுண்ணுயிர்கள் இருப்பினும் இரைப்பை அமிலமும் குடற்சுவரும் ஓரளவு காவலாக நிற்கின்றன. நரம்பு வழியாகவோ முதுகுத்தண்டைச் சூழ்ந்த பகுதியிலோ செலுத்தப்படும் மருந்துக்கு அத்தகைய காவல் இல்லை. மேலும், கரைசலில் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தாலும் அது கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றக்கூடும். எனவே இம்மருந்தைச் செலுத்தும் மருத்துவரும் ஏற்கும் நோயாளியும், தாம் காணாத ஓர் அறையில், தாம் அறியாத சிலர் செய்த பணியை நம்பியே செயற்படுகின்றனர்.

இத்துறை பற்றிய வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சியை மையமாகக் கொண்டவை. நீராவிக் கலன், காற்று வடிகட்டி, தூய அறை என அவ்வரிசை அமைகிறது. இக்கட்டுரை அவ்வரிசையை மறுக்கவில்லை. வேறொரு வினாவை எழுப்புகிறது. மாசின் அறிகுறி தோன்றியபோது அதைக் கண்டவர் என்ன செய்தார்? என்ன செய்ய அவருக்கு இடமளிக்கப்பட்டிருந்தது? இவ்வினாவை முன்வைத்து மூன்று நிகழ்வுகள் கால வரிசையில் ஆராயப்படுகின்றன. முதலாவது தடுப்பூசி ஆய்வகத்தையும், இரண்டாவது ஆலையையும், மூன்றாவது மருந்தகத்தையும் சார்ந்தவை. ஓரிடத்தில் சிலர் ஆக்கும் மருந்து, வேறிடத்தில் பலரின் உடலினுள் செல்கிறது என்பது மூன்றுக்கும் பொதுவாகும். அப்பொதுமையே இவ்வொப்பீட்டுக்கு அடிப்படையாகிறது.

1. முல்கோவால், 1902: கீழே விழுந்த இடுக்கி

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, ஒடெசாவில் பிறந்த நுண்ணுயிரியலாளர் வால்டெமார் ஹாஃப்கின் அந்நகரில் தடுப்பூசி ஆய்வை மேற்கொண்டார். 1897 ஜனவரியில் அம்மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பின்னர் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை பிளேக் ஆய்வகமாக மாற்றப்பட்டு, அங்கிருந்து பல மாகாணங்களுக்கும் தடுப்பு மருந்து அனுப்பப்பட்டது. தேவை பெருகியதால் ஆக்கமுறையில் மாற்றம் நேர்ந்தது. முன்னர் மருந்துடன் சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்க்கப்பட்டது. புதிய முறையில் அது கைவிடப்பட்டு வெப்பத்தால் நுண்ணுயிர் நீக்குவதே போதுமானதாகக் கொள்ளப்பட்டது.

1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு இத்தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயால் இறந்தனர். அன்று ஐந்து குப்பிகள் பயன்படுத்தப்பட்டன. இறந்த 19 பேரும் '53 என்' என்ற எண்ணுடைய ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். மாசு அந்த ஒரு குப்பியோடு தொடர்புடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது பரேலில் குப்பி நிரப்பப்பட்டபோது புகுந்ததா, முல்கோவாலில் குப்பி திறக்கப்பட்டபோது புகுந்ததா என்பதே சிக்கலாயிற்று.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. குப்பி திறக்கப்படும் முன்னரே மாசு புகுந்திருந்தது என ஆணையம் முடிவு செய்தது. கார்பாலிக் அமிலத்தைக் கைவிட்டது குறையாகக் கருதப்பட்டது. ஹாஃப்கின் தம் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு இங்கிலாந்து திரும்பினார்.

ஆயினும் ஆணையத்தின் முன் வைக்கப்பட்ட சாட்சியத்திலேயே வேறொரு செய்தி இருந்தது. குப்பியைத் திறந்த உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை எடுத்துக் கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு அவர் பணியைத் தொடர்ந்தார். டெட்டனஸ் நுண்ணுயிர் மண்ணில் வித்து வடிவில் வாழ்வது. அவ்வித்தைக் கார்பாலிக் கரைசலில் ஒரு கணம் அலசுவதால் அழிக்க இயலாது. சுடரில் காய்ச்சியோ அழுத்த நீராவியிலிட்டோ அழித்தல் வேண்டும். மேலும், குப்பி நிரப்பப்பட்டு 41 நாள்கள் கழிந்திருந்தன. அத்தனை நாள்கள் அந்நுண்ணுயிர் உள்ளே வளர்ந்திருப்பின் திறந்தவுடன் துர்நாற்றம் எழுந்திருக்க வேண்டும், அவ்வாறு எழவில்லை. நஞ்சு முன்னரே திரண்டிருந்தால் நோய் விரைவில் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே அறிகுறிகள் தென்பட்டன. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் இத்தகைய வாதங்களை முன்வைத்து 1907-இல் லண்டன் 'டைம்ஸ்' இதழில் எழுதினர். அவ்வாண்டின் இறுதியில் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. அவர் கல்கத்தாவில் பணியமர்த்தப்பட்டார். பரேல் ஆய்வகத்தின் தலைமை அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. 1925-இல் அவ்வாய்வகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இந்நிகழ்வு பொதுவாக ஓர் அறிவியலாளருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அது உண்மையே. எனினும் பழி ஹாஃப்கினிடமிருந்து உதவியாளரிடம் மாற்றப்பட்டதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. இடுக்கி விழுவது எவர் கையிலும் நேரக்கூடியது. விழுந்த பின்னர் என்ன செய்தல் வேண்டும் என்பதே வினா. ஊர் மக்கள் வரிசையில் நிற்கையில், மருத்துவர் அருகில் இருக்கையில், ஒரு கடைநிலை உதவியாளர் 'இக்குப்பியை ஒதுக்கிவிடலாம்' என்று கூறும் இடம் அப்பணியமைப்பில் இருந்ததா? அலசினால் போதும் என்பது அவர் கொண்ட பொருள். அப்பொருளைத் திருத்தவல்ல அறிவுடையவர் அக்கணத்தில் அவ்வினாவை எதிர்கொள்ளவே இல்லை. ஐந்து ஆண்டுகள் நீண்ட விவாதம் 'யார் குற்றவாளி' என்பதை மையமாகக் கொண்டிருந்தது. 'யார் நிறுத்தியிருக்க இயலும்' என்பதை அது மையமாகக் கொள்ளவில்லை.

2. டெவன்போர்ட், 1972: நம்பப்படாத கருவி

எழுபது ஆண்டுகளுக்குப் பின் நுண்ணுயிர் நீக்கம் ஆலைத்தொழிலாக வளர்ந்திருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலை அடுத்த ஸ்பீக்கில் இருந்த இவான்ஸ் மெடிக்கல் நிறுவனத்தின் ஆலையில், நரம்பு வழியாகச் செலுத்தப்படும் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 1971 ஏப்ரலில் ஆக்கப்பட்டது. அத்தொகுதியைச் சேர்ந்த குப்பிகள் 1972 தொடக்கத்தில் பிளிமத் பொது மருத்துவமனையின் டெவன்போர்ட் பிரிவில் பயன்படுத்தப்பட்டன. கரைசலில் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தன. 5 நோயாளிகளின் இறப்பு இதனோடு தொடர்புபடுத்தப்பட்டது. வழக்கறிஞர் சிசில் கிளாதியர் தலைமையிலான குழு அதே ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது.

அறிக்கையின் மையச் செய்தியை விளங்கிக்கொள்ள, அழுத்த நீராவிக் கலனாகிய ஆட்டோகிளேவின் செயல்முறையை அறிதல் வேண்டும். நீராவி குளிர்ந்த பொருளின் மேல் படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் கொடுக்கிறது. நுண்ணுயிரை அழிப்பது இவ்வெப்பமே. கலனினுள் காற்று எஞ்சியிருப்பின் அவ்வெப்பம் பொருளை முழுமையாகச் சென்றடையாது. காற்று நீராவியைவிடக் கனமானது. ஆதலால் அது கலனின் அடியில் தங்கும். அடிப்பகுதியிலுள்ள வடிவழியே அது வெளியேறினால்தான் கீழ்த்தட்டுக் குப்பிகள் உரிய வெப்பநிலையை எட்டும். ஸ்பீக்கில் அக்காற்று வெளியேறவில்லை. மேல்தட்டுக் குப்பிகளில் நுண்ணுயிர் நீங்கியது. கீழ்த்தட்டுக் குப்பிகளில் நீங்கவில்லை. மாதக்கணக்கில் கிடங்கில் இருந்த காலத்தில் எஞ்சிய நுண்ணுயிர்கள் பெருகின.

இங்கும் அறிகுறி வெளிப்பட்டிருந்தது. கலனின் வெப்பநிலையைப் பதியும் கருவி, உரிய அளவு எட்டப்படவில்லை என்பதைக் காட்டியது. அக்கருவி முன்னரும் பழுதானதுண்டு. எனவே இம்முறையும் கருவியே பழுது எனக் கொண்டு, வேறொரு அளவியின் காட்டலை நம்பிப் பணி தொடரப்பட்டது. முல்கோவாலில் அறிகுறிக்குக் கொள்ளப்பட்ட பொருள் 'அலசினால் தீரும்' என்பது. ஸ்பீக்கில் கொள்ளப்பட்ட பொருள் 'கருவி பொய் சொல்கிறது' என்பது. இரண்டுமே பணியை நிறுத்தாமல் தொடர்வதற்கு இடமளித்த பொருள்களாகும்.

முடிவுற்ற பொருளைச் சோதிக்கும் ஆய்வும் இங்கு உதவவில்லை. இதன் காரணத்தை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு தொகுதியில் 100 குப்பிகளுக்கு 1 வீதம் மாசடைந்திருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து 20 குப்பிகளை எடுத்துச் சோதித்தால், மாசடைந்த குப்பி ஒன்றுகூட அகப்படாமற் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. 1000-க்கு 1 வீதமாயின் அவ்வாய்ப்பு 98 விழுக்காடாக உயரும். எடுத்த மாதிரியில் மாசில்லை என்பது தொகுதி முழுவதற்கும் சான்றாகாது. மாசு ஒரு தட்டில் மட்டும் திரண்டிருக்கும்போது இச்சான்று மேலும் வலுக்குன்றுகிறது. ஆகவே நுண்ணுயிரற்ற தன்மைக்கு முதன்மைச் சான்று, மருந்து ஆக்கப்பட்ட முறையின் பதிவேயாகும். அப்பதிவை நம்ப மறுத்தால் வேறு சான்று எஞ்சுவதில்லை.

கிளாதியர் குழுவின் சிறப்பு, அது தன் விசாரணையை ஒரு தனிமனிதரோடு நிறுத்திக்கொள்ளாமையாகும். கரைசல்களை நுண்ணுயிரற்றதாக்குவது எளிய கருவியைக் கொண்டு, குறைந்த திறனுடையவர்களால், குறைந்த மேற்பார்வையில் செய்யத்தக்க பணி என்ற பரவலான எண்ணமே ஆழ்ந்த காரணம் என அக்குழு கண்டது. பேரிடரின் வேர் பணியின் மதிப்பீட்டில் இருப்பதாகக் கண்ட இம்முடிவு, 1902-இன் விவாதத்திலிருந்து ஒரு படி முன்னேறியதாகும். கலனை இயக்குபவர் கூலிக்குரிய கையாக மட்டும் கருதப்படும்போது, அவர் காணும் அறிகுறி மேலே செல்வதில்லை.

3. ஃபிரேமிங்ஹாம், 2012: பதிவேட்டில் நின்ற பூஞ்சை

டெவன்போர்ட்டுக்குப் பிந்தைய நாற்பதாண்டுகளில் அறிகுறியைத் தேடிக் காணும் முறைகள் பெருகின. அவற்றுள் முக்கியமானது சூழல் கண்காணிப்பு. மருந்து கலக்கும் அறையின் காற்றையும், மேசைப் பரப்பையும், பணியாளரின் கையுறை விரல்நுனிகளையும் வளர்ப்புத் தட்டில் பதித்து, தோன்றும் காலனிகளை எண்ணுவதே இம்முறையாகும். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைக் கடந்தால் அது 'நடவடிக்கை வரம்பு' மீறல் எனப்படும். கலவையாக்கத்துக்கான அமெரிக்க மருந்துத்தர நூலின் 797-ஆம் அத்தியாயம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது, 2008-இல் திருத்தப்பட்டது. மருந்து நேரடியாகத் திறந்திருக்கும் மிகத் தூய பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு காலனிக்கு மேல் தோன்றுவதே அந்நூற்படி நடவடிக்கைக்குரியது. பூஞ்சை போன்றவை தோன்றினால் எண்ணிக்கையைப் பாராமல் உடனடியாகத் திருத்தம் மேற்கொள்ளுமாறும் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. இங்ஙனம் முல்கோவாலிலும் ஸ்பீக்கிலும் தற்செயலாகத் தோன்றிய அறிகுறி, இப்போது முறையாகத் தேடப்பட்டு எண்ணாகப் பதியப்பட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாமில் இயங்கிய நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்னும் மருந்தகம், முதுகுவலிக்கு முதுகுத்தண்டருகே செலுத்தப்படும் மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் என்ற மருந்தைக் கலந்து பல மாநிலங்களுக்கு அனுப்பியது. 2012 மே முதல் அனுப்பப்பட்ட மூன்று தொகுதிகளில் 17,000-க்கும் மேற்பட்ட குப்பிகள் இருந்தன. அவற்றால் 20 மாநிலங்களில் 753 பேர் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாயினர். 64 பேர் இறந்தனர். பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணமாக அறியப்பட்டது எக்சரோஹிலம் ராஸ்ட்ரேட்டம் என்னும் பூஞ்சை. தாவரங்களிலும் மண்ணிலும் வாழும் அது மனிதரிடம் அரிதாகவே நோய் உண்டாக்குவது.

பேரிடருக்குப் பின்னர் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் மாநில மருந்தக வாரியமும் மேற்கொண்ட ஆய்வுகள் பல குறைகளை வெளிப்படுத்தின. தூய அறையின் குளிர்சாதனம் இரவில் நிறுத்தப்பட்டது. அருகிலிருந்த கொதிகலனில் நீர் கசிந்து தேங்கியிருந்தது. நுண்ணுயிர் நீக்கம் உரிய கால அளவுக்குச் செய்யப்படவில்லை. சோதனை முடிவு வருமுன்னரே மருந்து வெளியே அனுப்பப்பட்டது. நிர்வாகம் சோதித்த 50 குப்பிகளில் ஐம்பதிலும் நுண்ணுயிர் வளர்ச்சி காணப்பட்டது.

வரலாற்று நோக்கில் இவை அனைத்தையும்விட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 2012 ஜனவரி முதல் செப்டம்பர் வரை அந்நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்பே, தூய அறையில் நடவடிக்கை வரம்பை மீறிய பாக்டீரியாவையும் பூஞ்சையையும் பதிவு செய்திருந்தது. அம்மீறல்களை விசாரித்ததற்கோ திருத்தியதற்கோ சான்றில்லை என நிர்வாகத்தின் ஆய்வறிக்கை கூறுகிறது. மாசு காணப்பட்டது, எண்ணப்பட்டது, எழுதப்பட்டது. ஆனால் மறுமொழி பெறவில்லை. 1902-இல் கண்டவருக்கு அறிவு போதவில்லை. 1971-இல் கருவியின் மேல் நம்பிக்கை இல்லை. 2012-இல் இவ்விரண்டும் தடையாக இருந்தன என்று கூற இயலாது. நிறுத்தும் அதிகாரம் உடையவர்களே நிறுத்தவில்லை. மருந்தகத்தின் தலைவர் 2017-இல் மோசடி உள்ளிட்ட குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். 2021-இல் அத்தண்டனை பதினான்கரை ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இதே நிகழ்வில் எதிர்மாறான எடுத்துக்காட்டும் உள்ளது. 2012 செப்டம்பர் 18-ஆம் நாள், டென்னசி மாநிலத்தில் ஒரு மருத்துவர், தம் நோயாளி ஒருவருக்குப் பூஞ்சையால் மூளையுறை அழற்சி நேர்ந்துள்ளதை மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றாத ஒருவரிடம் அந்நோய் மிக அரிது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரே ஒரு நோயாளி என்பதற்காகச் சுகாதாரத் துறை காத்திருக்கவில்லை. அவர் ஊசி பெற்ற இடத்தை நோக்கி விசாரணையைத் தொடங்கியது. செப்டம்பர் 26-ஆம் நாள் மூன்று தொகுதிகளும் திரும்பப் பெறப்பட்டன. ஒன்பது மாதங்களாகப் பதிவேட்டில் நின்ற அறிகுறி எதையும் நிறுத்தவில்லை. வெளியிலிருந்து எழுந்த ஓர் அறிகுறி எட்டு நாள்களில் மருந்தை நிறுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கருவிகளின் வேறுபாடன்று. கண்டவர் சொன்னார், கேட்டவருக்குச் செயற்படும் அதிகாரமும் கடமையும் இருந்தன.

4. மறுமொழி விதிகளில் வரலாற்றின் சுவடுகள்

இன்று தூய அறையில் நடவடிக்கை வரம்பு மீறப்பட்டால் பின்பற்றப்படும் நெறிகள் ஓர் ஒழுங்கில் அமைகின்றன. முதலில் பணி நிறுத்தப்படுகிறது. அக்காலப் பகுதியில் ஆக்கப்பட்ட மருந்துகள் தனியே ஒதுக்கப்படுகின்றன. தோன்றிய நுண்ணுயிர் எவ்வினத்தைச் சார்ந்தது என ஆராயப்படுகிறது. காற்று வடிகட்டி, அழுத்த வேறுபாடு, பணியாளரின் கைமுறை, தூய்மைப் பதிவேடு ஆகியவை மீளாய்வு செய்யப்படுகின்றன. வித்துகளையும் அழிக்கவல்ல வேதிப்பொருளால் அறை துடைக்கப்பட்டு, மீண்டும் மாதிரி எடுக்கப்படுகிறது. மருந்து முன்னரே நோயாளியைச் சென்றடைந்திருப்பின் மருத்துவருக்கு அறிவிக்கப்படுகிறது. இவை அனைத்தும் எழுத்தில் பதியப்படுகின்றன.

இவ்வொழுங்கின் ஒவ்வொரு படியையும் மேற்கண்ட நிகழ்வுகளோடு இணைத்துக் காணலாம். வித்தை அழிக்கும் வேதிப்பொருள் வேண்டும் என்ற விதியை முல்கோவாலின் கார்பாலிக் கரைசல் விளக்குகிறது. இன்றைய தூய அறைகளில் பெரிதும் பயன்படும் 70 விழுக்காட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வித்துகளை அழிப்பதில்லை. ஆகவே அதனால் துடைத்ததை மட்டும் திருத்தமாகக் கொள்ள இயலாது. இறுதிச் சோதனையைவிட ஆக்கமுறையின் பதிவுக்கு முதன்மை தரவேண்டும் என்பதற்கு டெவன்போர்ட் சான்று. காலனியை எண்ணுவதோடு நில்லாமல், மீறலுக்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் எழுதவேண்டும் என்பதற்கு ஃபிரேமிங்ஹாம் சான்று. 797-ஆம் அத்தியாயத்தின் அடுத்த திருத்தம் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை என இருந்த காற்று மாதிரி எடுப்பு, நெடுநாள் வைத்துப் பயன்படுத்தும் மருந்துகளை ஆக்கும் இடங்களில் மாதந்தோறும் செய்யப்பட வேண்டும் என அத்திருத்தம் வரையறுத்தது.

5. இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராக இரு மறுப்புகள் எழலாம். ஃபிரேமிங்ஹாம் நிகழ்வு ஒரு குற்றச்செயல். அதனைப் பணியமைப்பின் குறையாகக் காண்பது குற்றவாளிகளின் பொறுப்பைக் குறைக்கும் என்பது முதலாவது. நீதிமன்றம் உறுதி செய்த குற்றத்தை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அறிகுறி அந்நிறுவனத்தின் சுவர்களுக்குள் மட்டும் இருந்ததன்று. உணவு மருந்து நிர்வாகம் 2002-ஆம் ஆண்டிலேயே அங்கு ஆய்வு மேற்கொண்டிருந்தது. 2006-இல் எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியிருந்தது. ஆயினும் மருந்தகம் மாநிலத்தின் ஆளுகைக்கு உட்பட்டதா, மருந்தாக்க ஆலையைப் போல நடுவணரசின் ஆளுகைக்கு உட்பட்டதா என்பதில் தெளிவில்லை. கலவையாக்கம் பற்றிய 1997-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவின் ஒரு பகுதியை 2002-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்ததால் அக்குழப்பம் மிகுந்தது. 2013 நவம்பரில் இயற்றப்பட்ட புதிய சட்டம், பெருமளவில் கலவையாக்கம் செய்யும் நிறுவனங்கள் தாமாக முன்வந்து பதிவு செய்து நடுவண் ஆய்வுக்கு உட்படுவதற்கான தனி வகையை உருவாக்கியது. கண்டவருக்கு நிறுத்தும் அதிகாரம் இன்மை என்னும் குறை, அரசு அளவிலும் இருந்தது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.

அடிக்கடி பணியை நிறுத்தினால் மருந்து கிடைக்காமல் நோயாளிகள் துன்புறுவர் என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது. பிளேக் பரவிய காலத்தில் தடுப்பூசியை நிறுத்துவதும் உயிரிழப்புக்கே வழிவகுத்திருக்கும். முல்கோவால் செய்தி தடுப்பூசி மீதான மக்களின் நம்பிக்கையைக் குலைத்ததும் உண்மை. ஆயின் முல்கோவாலில் தேவைப்பட்டது இயக்கம் முழுவதையும் நிறுத்துவதன்று; ஒரு குப்பியை ஒதுக்குவது. ஸ்பீக்கில் தேவைப்பட்டது ஆலையை மூடுவதன்று. ஒரு கலனின் சுமையை மீண்டும் நுண்ணுயிர் நீக்கத்துக்கு உட்படுத்துவது. அறிகுறி தோன்றிய கணத்தில் நிறுத்தத்தின் விலை மிகச் சிறியது. காலம் தாழ்த்தத் தாழ்த்த அவ்விலை பெருகி, இறுதியில் 1902-இலும் 2012-இலும் நேர்ந்ததுபோல நிறுவனத்தின் தலைமையையோ நிறுவனத்தையோ இழப்பதில் முடிகிறது. தொடக்கத்திலேயே நிறுத்துவது மருந்து வழங்கலைக் காக்கும் வழியுமாகும்.

முடிவுரை

மூன்று நிகழ்வுகளின் ஒப்பீட்டிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, மூன்றிலும் மாசின் அறிகுறி நோயாளிகளின் உடலில் தோன்றுவதற்கு முன்னரே பணியிடத்தில் தோன்றியது. இடுக்கி விழுந்ததும், கருவி குறைந்த வெப்பத்தைக் காட்டியதும், தட்டில் பூஞ்சை வளர்ந்ததும் அவ்வறிகுறிகள்.

இரண்டாவதாக, அறிகுறியைக் காணும் திறன் நூற்றாண்டுக் காலத்தில் பெரிதும் வளர்ந்துள்ளது. அதனைச் செயலாக மாற்றும் அமைப்பு அதே வேகத்தில் வளரவில்லை. கண்காணிப்புத் தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் பாதுகாப்பைக் கூட்டாது என்பதற்கு ஃபிரேமிங்ஹாமின் பதிவேடே சான்றாகும்.

மூன்றாவதாக, விசாரணைகளின் போக்கிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. 1902-இன் ஆணையம் குற்றவாளியைத் தேடியது. 1972-இன் குழு பணியின் மதிப்பீட்டை ஆராய்ந்தது. 2012-க்குப் பிந்தைய சட்டம் அதிகார எல்லையைத் திருத்தியது. இவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. எனினும் கலவையறையில் கையுறையணிந்து நிற்கும் பணியாளர், தம் கண்முன் தோன்றும் அறிகுறிக்காக அன்றைய பணியை நிறுத்தலாமா என்ற வினாவுக்கு இவற்றுள் எதுவும் முழு விடை தரவில்லை.

இந்திய மருத்துவமனைகளிலும் கலவையாக்கப் பணி பெருகிவரும் நிலையில், நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்வோர் பதிவேடுகளை மற்றொரு கோணத்திலும் படித்தல் வேண்டும். எத்தனை மீறல்கள் பதியப்பட்டன என்பதோடு, ஒவ்வொரு மீறலுக்கும் எதிரே யார் கையொப்பமிட்டார், அதன்பின் எப்பணி நின்றது என்பதையும் தேடுதல் வேண்டும். மீறல் பதியப்பட்டும் அதற்குரிய நடவடிக்கை எழுதப்படாத பக்கங்களிலிருந்தே அத்தகைய ஆய்வு தொடங்கப்பட வேண்டும்.